மருந்து ஏற்றிய மரத்தை அடுப்பில் வைக்கலாமா?

கேள்வி: பழைய வீட்டைப் பிரித்ததில் கதவு, ஜன்னல், உத்தரம், பிளைவுட் அலமாரி என்று ஏராளமான மரம் சேர்ந்துவிட்டது. ஒரு தொழிற்சாலையின் பழைய கூலிங் டவரை (நீரைக் குளிர்விக்கும் கோபுரத்தை) பிரித்தபோது ஏலத்தில் எடுத்த பச்சை நிறச் சட்டங்களும், தோட்டத்துக்காக வாங்கிய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளும்கூட இருக்கின்றன. மருந்து ஏற்றுவதால் மரத்தின் தன்மை எப்படி மாறுகிறது? மிஞ்சியதை விறகாகப் பயன்படுத்தலாமா?

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சை நிறச் சட்டங்களில் ஒரு துண்டைக்கூட எரிக்க வேண்டாம். வெந்நீர் அடுப்பிலும் கூடாது, தோட்டத்து மூலையில் சருகோடு சேர்த்தும் கூடாது. விறகுக்காரருக்கோ பேக்கரிக்கோ செங்கல் சூளைக்கோ விற்கவும் வேண்டாம். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். மரத்தைத் தின்பவை மூன்று: பூஞ்சை, கறையான், துளைக்கும் வண்டு. கடலில் நிற்கும் மரத்துக்கு நான்காவதாகக் கப்பல் புழுவும் உண்டு. தேக்கு, வேங்கை, கருங்காலி போன்ற மரங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. வைரம் பாய்ந்த பகுதியில் அந்த மரமே சுரந்து வைத்த எண்ணெய்களும் துவர்ப்புப் பொருள்களும் இருப்பதால் பூச்சி வாய் வைக்காது. அதே தேக்கின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுபவமுள்ள ஆசாரி நிலைக்கு மரம் பார்க்கும்போது வெள்ளையை ஒதுக்குவது இதனால்தான்.

வெள்ளைப் பகுதிக்கு இன்னொரு குணமும் உண்டு. உயிரோடு இருந்தபோது நீரைக் கடத்திய பகுதி அதுதான் என்பதால் வெட்டிய பிறகும் அதன் குழாய்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. மருந்து எளிதாக உள்ளே போகும். வைரப் பகுதியில் குழாய்கள் அடைபட்டிருப்பதால் மருந்து ஏறாது. இதனால் பைன், ரப்பர், யூகலிப்டஸ் போன்ற, தாமாக நீடிக்காத மரங்களுக்குத்தான் மருந்து ஏற்றும் தொழில் பெரிதும் பயன்படுகிறது. தேக்கு உத்தரத்துக்கு அது தேவையும் இல்லை, ஏற்றினால் பிடிக்கவும் செய்யாது.

ஏற்றும் முறையை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் பெத்தெல் 1838இல் காப்புரிமை செய்தார். மரத்தை இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடிவிட்டு, முதலில் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு மருந்துக் கரைசலை உள்ளே விட்டு, வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு அழுத்துகிறார்கள். காலியாகிக் கிடக்கும் மரச் செல்களுக்குள் கரைசல் பாய்கிறது. அடிப்படை இன்றுவரை இதுதான். உள்ளே என்ன போகிறது என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் அந்த மரத்தை என்ன செய்வது என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

உங்கள் பச்சைச் சட்டங்களில் பெரும்பாலும் இருப்பது செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து. தொழிலில் சி.சி.ஏ. என்பார்கள். இதைக் கண்டுபிடித்தவர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொன்டி காமேசன் 1933இல் இதை உருவாக்கினார். 'ஆஸ்கு' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து உலகம் முழுவதும் பரவியது. மின்கம்பம், தந்திக் கம்பம், படகுத்துறை, வேலிக்கால், கூலிங் டவர் என்று மரம் ஈரத்தோடு வாழ வேண்டிய இடங்களிலெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு இதுவே முதல் தேர்வாக இருந்தது. கூலிங் டவரில் இரவும் பகலும் வெதுவெதுப்பான நீர் வழிந்துகொண்டே இருக்கும். மருந்தில்லாத சாதாரண மரம் அங்கே விரைவில் மெத்தென்று அழுகிவிடும்.

காமேசனின் திறமை குரோமியத்தைச் சேர்த்ததில்தான் இருக்கிறது. செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் பூச்சியையும், செம்புக்கு அசராத பூஞ்சையையும் கொல்லும். ஆனால் இவை இரண்டும் மழை பெய்தால் கரைந்து போய்விடும் உப்புகள். குரோமியம் மரத்திலுள்ள சர்க்கரைப் பொருள்களோடும், மரநாரை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருளோடும் வினைபுரிந்து நிலை மாறுகிறது. அப்படி மாறும்போது செம்பையும் ஆர்சனிக்கையும் நீரில் எளிதில் கரையாத சேர்மங்களாக மரத்தோடு பிணைத்துவிடுகிறது. வெயில் காலத்தில் இது சில நாட்களிலும் குளிர் நாடுகளில் சில வாரங்களிலும் நடந்து முடியும். முடிந்த பிறகு மரம் மங்கிய பச்சை நிறத்தில் உலர்ந்து நிற்கும். பிசுபிசுக்காது, நாற்றமும் அடிக்காது, மேலே பெயின்ட் அடிக்கலாம். நம்மை ஏமாற்றுவது இந்தச் சாந்தமான தோற்றம்தான்.

கணக்கைப் பாருங்கள். மண்ணில் ஊன்றும் மரத்துக்கு அமெரிக்க அளவுகோலின்படி ஒரு கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து நிற்க வேண்டும். அதில் சுமார் 34 சதவீதம் ஆர்சனிக் ஆக்சைடு. தனி ஆர்சனிக்காகக் கணக்கிட்டால் ஒரு கன மீட்டர் மரத்துக்குள் ஏறக்குறைய 1.4 கிலோ. வெள்ளைப் பாஷாணத்துக்கு மூலப்பொருளான அதே ஆர்சனிக்தான். அரை டன் எடையுள்ள மரத்தில் பரவிக் கிடக்கும்வரை அது ஓரளவு அடங்கியிருக்கும். மரத்தை எரித்தால் அந்த அரை டன் ஒரு வாளிச் சாம்பலாகிவிடும். உலோகம் எரிவதில்லை. ஆர்சனிக்கில் ஒரு பங்கு புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட ஆர்சனிக்காக இருக்கலாம். அடங்கியிருந்த குரோமியத்திலும் ஒரு பகுதி வெப்பத்தில் மீண்டும் நச்சு மிகுந்த பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. முப்பது ஆண்டு மழை முழுதாகக் கரைக்க முடியாமல் போனதை ஒரு மணி நேரத் தீ அவிழ்த்துவிடுகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஒன்றை அந்நாட்டு மருத்துவச் சங்க இதழ் 1984இல் வெளியிட்டது. ஒரு கிராமத்துக் குடும்பம் குளிர்காலங்களில் இந்த மருந்து ஏற்றிய பிளைவுட் துண்டுகளை வீட்டு அடுப்பில் எரித்து வந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் உடல்நலம் கெட்டது, முடி கொட்டியது, குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. கோடையில் அடுப்பு அணைந்ததும் தேறினார்கள், குளிர் வந்ததும் மறுபடி படுத்தார்கள். காரணம் அடுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நெடுநாள் ஆயிற்று. விறகில் இருக்கும் விஷத்தை யாருமே சந்தேகிப்பதில்லை.

சி.சி.ஏ. ஏற்றிய மரத்தை வீடுகளில் பயன்படுத்துவதை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 2003 இறுதியோடு நிறுத்திக்கொண்டனர். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் அடுத்தடுத்துக் கட்டுப்படுத்தின. ஜெர்மனியில் 2003 முதல் பழைய மரத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். எதுவும் சேராத மரம் முதல் வகை, பெயின்ட், பசை உள்ளது இரண்டாவது, பி.வி.சி. போன்ற பூச்சு ஒட்டியது மூன்றாவது. ஸ்லீப்பர், மின்கம்பம் போன்ற மருந்து மரங்கள் நான்காவது. நான்காவது வகையை உரிமம் பெற்ற, புகை வடிகட்டும் ஆலையில் மட்டுமே எரிக்கலாம்.

இங்கேதான் நம் நிலைமை வேறுபடுகிறது. என்னை மிகவும் கவலைப்படுத்துவதும் இதுதான். பணக்கார நாடுகளில் எழுதப்படும் பாதுகாப்புக் குறிப்புகள் எல்லாம், பழைய மரம் குப்பைக் கிடங்குக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு எழுதப்படுபவை. நம் ஊரில் மரம் குப்பைக்குப் போவதே இல்லை. உத்தரம் சட்டமாகும், சட்டம் ஸ்டூலாகும், ஸ்டூல் உடைந்தால் விறகாகும். இழைத்த சீவலை அடுப்பு மூட்ட அள்ளிப் போவார்கள், மரத்தூளைக் கோழிப் பண்ணையில் பரப்புவார்கள், சாம்பலைச் செடிக்குப் போடுவார்கள். சில வீடுகளில் இன்னும் பாத்திரம்கூட அதில்தான் துலக்குகிறார்கள். எதையும் வீணாக்காத இந்த நல்ல பழக்கம், மரம் மரமாக மட்டும் இருந்த காலத்தில் உருவானது. ஆர்சனிக் ஏறிய மரம் இந்தச் சங்கிலியில் நுழைந்தால் ஒவ்வொரு கண்ணியிலும் யாராவது ஒருவர் அதைச் சுவாசிப்பார், அல்லது சாப்பிடுவார். கடைசியில் இருப்பவர் பெரும்பாலும் காசு கொடுத்து விறகு வாங்க முடியாதவர். ஆகவே, இங்கே ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த மரம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோடு, ஒருநாள் அது அடுப்புக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கேள்வியில் ஓரளவு தேறுவது, வெங்காரத்தில் இருக்கும் போரான். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இலங்கையிலும் ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும்தான் பயன்பட்டது. அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிச் சில நாட்களிலேயே நீலம் பூத்துவிடும். வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். இன்று அதே மரம் கட்டிலாகவும் மேசையாகவும் விற்கிறது என்றால், வெட்டிய கையோடு பலகையாக அறுத்து, தாமதிக்காமல் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்துவதுதான் காரணம். ஈரம் காயாத மரத்துக்குள் போரான் தானாகவே பரவும். நார்த்தங்காயில் உப்பு ஏறுவதுபோல ஈரத்தின் வழியே உள்வரை போய்விடும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எமன், மனிதர்களுக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைவு, தீயையும் சற்றே தாமதப்படுத்தும். நிறமும் மணமும் மாறாது.

குறை என்னவென்றால், போரான் மரத்தோடு பிணைவதில்லை. வந்த வழியே திரும்பிவிடும். மழையில் கிடந்தால் கரைந்து ஓடிவிடும். ரப்பர் மரச் சாமானை மாடியில் வெயிலிலும் மழையிலும் போடக் கூடாது என்பது இதனால்தான். ஆனால் அந்தக் குறைதான் கடைசியில் நமக்குச் சாதகமாக இருக்கிறது. கெட்டியாகப் பிணையும் மருந்து உழைக்கும் காலத்தில் உதவி, முடிவில் சுமை. இளகி நிற்பது உழைக்கும் இடத்தைக் குறுக்கிவிடுகிறது, முடிவில் தொல்லை குறைவு. இரண்டையும் ஒருசேரத் தரும் மலிவான மருந்தை நான் இதுவரை பார்க்கவில்லை. போரான் மரத்தின் சாம்பலை மட்டும் செடிக்குப் போடாதீர்கள். போரான் துளியளவு உரம், சற்று கூடினால் இலை ஓரம் கருகும்.

போரான் ஏறியிருக்கிறதா என்று ஆலைகளில் சோதிக்கும் முறை நம் அடுப்பங்கரைப் பொருளை வைத்துத்தான். மஞ்சளைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்த சாற்றை, புதிதாக அறுத்த பலகை முனையில் தடவுவார்கள். முனை மஞ்சளாகும். அது காய்ந்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த கரைசலை அதன்மேல் தடவுவார்கள். சில நிமிடங்களில் போரான் இருக்கும் இடம் மட்டும் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். ஓரத்தில் மட்டும் சிவப்பு வளையம் தெரிந்து நடுவில் மஞ்சள் திட்டு இருந்தால் மருந்து உள்வரை போகவில்லை என்று அர்த்தம். அந்தப் பலகையில் என்றாவது மாவு கொட்டும். செம்பு மருந்துக்கு வேறொரு சாயம் உண்டு, அது கருநீலமாக மாறும். உங்கள் சட்டங்கள் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தால் நிறத்தை நம்ப வேண்டாம். பக்கத்தில் ஆய்வுக்கூடம் இருந்தால் ஒரு சிறு துண்டைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தன்மை மாற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்து மரத்தை வலுவாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வலு கூடாது, இருக்கும் வலு அழுகாமல் நீடிக்கும், அவ்வளவுதான். சில நேரம் குறையவும் செய்யும். நீர்க் கரைசல் ஏற்றும்போது ஒரு கன மீட்டர் மரம் நூற்றுக்கணக்கான லிட்டர் குடித்துவிடுகிறது. பிறகு அவசரப்பட்டு அதிக வெப்பத்தில் உலர்த்தினால் வெடிப்பும் முறுக்கலும் வரும், வளைவு வலு குறையும். சி.சி.ஏ.வுக்குப் பதிலாக வந்த, ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகளில் செம்பு அதிகம். சாதாரண ஆணியை அவை அரித்துவிடும். துத்தநாகத்தில் தோய்த்த ஆணியோ துருப்பிடிக்காத எஃகோதான் பயன்படுத்த வேண்டும்.

தீ பிடிக்காமல் இருக்க ஏற்றும் அம்மோனியம் பாஸ்பேட் வகை உப்புகளின் கதை இன்னும் கடுமையானது. 1980களில் அமெரிக்காவில் அப்படிப் பதப்படுத்திய பிளைவுட்டைக் கூரையில் போட்டார்கள். தீயில் வேலை செய்ய வேண்டிய அமிலம் கூரை வெயிலிலேயே மெல்ல வெளிப்பட்டு மரநாரை அரித்தது. சில ஆண்டுகளில் பலகை கறுத்து நொறுங்கத் தொடங்கியது. ஓட்டுக்கூரைக்குக் கீழே வெப்பம் எப்படி இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று: மருந்து பெரும்பாலும் வெளிப்புறத்து உறையாகத்தான் நிற்கும். அறுப்பது, துளையிடுவது, பொருத்து வெட்டுவது எல்லாம் மருந்து ஏற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பிறகு வெட்டினால் பாதுகாப்பில்லாத உள்மரத்தைக் கறையானுக்குத் திறந்துவிடுகிறீர்கள். கூடவே மருந்து கலந்த தூள் உங்கள் நுரையீரலுக்கும் போகிறது.

மருந்தே இல்லாமல் மரத்தை மாற்றும் வழிகளும் உண்டு. பின்லாந்தில் வளர்ந்த முறையில், நீராவிச் சூழலில் சுமார் 190 முதல் 212 டிகிரி செல்சியஸ் வரை மரத்தைச் சூடாக்குகிறார்கள். பூஞ்சைக்கு உணவாகும் சர்க்கரைத் தொடர்கள் சிதைகின்றன, மரம் ஈரத்தை முன்போல் இழுப்பதில்லை, நிறம் தேன்பழுப்பாகிறது. ஆனால் சற்று முறியும் குணம் வந்துவிடும். பாரம் தாங்கும் இடத்துக்கும் மண்ணில் ஊன்றவும் ஆகாது, கறையானிடமும் பெரிதாக எடுபடாது. நெதர்லாந்தில் பைன் மரத்தை அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரிய வைக்கிறார்கள். மரநாரில் நீர் ஒட்டும் இடங்களையே அது நிரப்பிவிடுகிறது. இரண்டிலும் உலோகம் எதுவும் சேர்வதில்லை. காலம் முடிந்ததும் சாதாரண மரத்தைப் போலவே கையாளலாம். விலைதான் நமக்கு எட்டவில்லை.

இப்போது உங்கள் குவியலுக்கு வருவோம்.

கூலிங் டவர் சட்டங்களைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். தொழிற்சாலைகள் தம் அபாயகரக் கழிவை உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. முடியாவிட்டால் முழு நீளமாகவே, அறுக்காமல் இழைக்காமல், வேலிக்காலாகவோ வண்டிக் கொட்டகைத் தூணாகவோ பயன்படுத்துங்கள். கிணற்றடி, காய்கறிப் பாத்தி, மாட்டுத் தொட்டி, ஊஞ்சல் பக்கம் வேண்டாம். ஒவ்வொரு சட்டத்திலும் அழியாத பெயின்டால் 'விஷ மருந்து மரம், எரிக்காதே' என்று தமிழில் எழுதுங்கள். இருபது வருடம் கழித்து அதைப் பிடுங்குபவருக்கு நீங்கள் ஏலத்தில் எடுத்த கதை தெரிந்திருக்காது.

ஸ்லீப்பர் கட்டைகளில் இரண்டு வகை உண்டு. சால் போன்ற கெட்டி மரங்களை மருந்தில்லாமலே போட்டார்கள்; பைன், தேவதாரு போன்றவற்றுக்கு நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெய் ஏற்றினார்கள். கறுத்து, வெயில் ஏறினால் எண்ணெய் கசிந்து, தார் நாற்றம் அடித்தால் கிரியோசோட். அதில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. மேலே உட்காரும் பெஞ்சாகவோ, வீட்டுக்குள் மேசையாகவோ, பாத்தி ஓரமாகவோ வைக்காதீர்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். எண்ணெய் இருப்பதால் நன்றாகப் பிடித்து எரியும். அதனாலேயே விறகாக்கும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மருந்து ஏற்றாத, கெட்டியான கட்டைகள் என்று உறுதியாகத் தெரிந்தால் தாராளமாக அறுத்துப் பயன்படுத்தலாம்.

கதவு, ஜன்னல்களில் மரத்தை விடப் பெயின்ட்தான் பிரச்சினை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்களில் ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். மின்சார இழைப்பானால் தேய்த்துத் தூளாக்காதீர்கள், தீயாலும் சுடாதீர்கள். ஈரமாக்கித் தேய்த்து, உதிர்ந்ததைப் பொறுக்கி மூடி வையுங்கள்; குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். தேக்காக இருந்தால் பழைய மரக்கடைக்காரர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார், எரிக்கும் பேச்சே வராது.

உத்தரங்களுக்குக் கறையான் மருந்து அடித்திருந்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆல்ட்ரின், பென்டாகுளோரோஃபீனால் போன்ற குளோரின் கலந்த பழைய மருந்துகள் இப்போது தடை செய்யப்பட்டவை. அவை அடித்த மரத்தை எரித்தால் புகையில் டயாக்சின் என்ற கொடிய நச்சு வரலாம். அடிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், பெயின்ட் இல்லாத உத்தரத் துண்டுகள் நல்ல விறகு.

பிளைவுட் அலமாரியில் பசை ஃபார்மால்டிஹைடு வகை. நீர் தாங்கும் மரைன் பிளை என்றால் உள்ளே மருந்தும் ஏற்றியிருப்பார்கள், பல நேரம் செம்பு கலந்தது. மேலே மைக்கா வேறு. சமைக்கும் அடுப்புக்கு இது எப்போதும் கூடாது. பலகை நன்றாக இருந்தால் பரண் தட்டுக்குப் பயன்படுத்துங்கள். ஊறிப்போய்ப் பிரிந்திருந்தால் கட்டட இடிபாட்டுக் கழிவோடு உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இவற்றோடு பேக்கிங் பெட்டிப் பலகை ஏதாவது கலந்திருந்தால் அதில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். பக்கத்தில் ஹெச்.டி. (HT) என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும், மருந்து எதுவும் இல்லை. எண்ணெய்க் கறையோ ரசாயனக் கறையோ படியாத அந்தப் பலகைகளை வெந்நீர் அடுப்புக்குத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.